தூயவர் யாருடைய பாட்டு?

வாசகியின் கடிதம்:

எங்கள் கத்தோலிக்கப் பங்கின் பாடகர் குழுவை நான் நடத்திவருகிறேன். எல்லாரும் வேலைக்கும் படிப்புக்கும் போய்வந்த பிறகு, இரவில் கூடிப் பயிற்சி செய்கிறோம். நான்கு குரல்களில் பாடுவதென்றால் எங்கள் இளைஞர்களுக்கு உயிர். சென்ற மாதம் பங்குப்பேரவைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “இது திருப்பலியா, கச்சேரியா? மக்கள் வாயைத் திறப்பதே இல்லை” என்றார். பலரும் தலையாட்டினார்கள். “இனி எல்லாருக்கும் தெரிந்த பழைய பாடல்களை மட்டும் பாடுங்கள்” என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். அப்படிச் செய்தால் பிள்ளைகள் குழுவை விட்டுப் போய்விடுவார்கள். உண்மையில் பாடகர் குழுவின் வேலைதான் என்ன? நான் பொறுப்பிலிருந்து விலகிவிடட்டுமா?

பதில்:

அன்புச் சகோதரி,

விலகாதீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டேன். மற்றதை இனி நிதானமாகப் பேசலாம்.

‘கச்சேரி’ என்ற சொல் உங்களை எப்படித் தைத்திருக்கும் என்று தெரிகிறது. களைத்துப்போய் வீடு திரும்பியவர்கள் மீண்டும் கிளம்பி வந்து, தொண்டை வறளப் பாடிப் பழகுவதை அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் நேரில் பார்த்திருப்பார்கள்? ஆனால் மனத்தாங்கலைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு ஒன்றை யோசித்துப் பாருங்கள். அன்று பேசப்பட்டவை இரண்டு. மக்கள் பாடுவதில்லை என்பது ஒன்று. பழைய பாடல்களை மட்டும் பாட வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது உண்மையாக இருக்கலாம். இரண்டாவது அதற்கு மருந்தாகாது. மக்கள் வாயை மூடிக்கொள்வது பெரும்பாலும் பாட்டு புதிது என்பதால் அல்ல. அவர்களுக்கே உரிய இடங்களில் அவர்களைப் பாடவிடாததால்தான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, பாடகர் குழுக்களை ஊக்கத்தோடு வளர்க்க வேண்டும் என்கிறது. அதே மூச்சில், பாடப்படும் வழிபாடு எதுவானாலும் இறைமக்கள் அனைவரும் தமக்குரிய பங்கை ஆற்றும்படி ஆயர்களும் குருக்களும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. குழுவா, மக்களா என்ற கேள்வியே அங்கு இல்லை. திருப்பலியை எப்படி நிறைவேற்ற வேண்டும் என்று சொல்லும், உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினையும் உங்களுக்கு இரண்டு வேலைகளைத் தருகிறது: உங்களுக்குரிய பகுதிகளைச் செம்மையாகப் பாடுவது, மக்களின் பாட்டுக்குத் துணை நிற்பது. முதல் வேலையை நீங்கள் நன்றாகச் செய்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்தே ஊகிக்க முடிகிறது. இரண்டாவதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

உங்கள் பயிற்சி நோட்டை எடுத்துப் பாருங்கள். வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல், நன்றிப் பாடல். பயிற்சி நேரமெல்லாம் இந்த நான்குக்கே போயிருக்கும். ‘தூயவர், தூயவர்’ என்று தொடங்கும் புகழ்ப்பாடலான ‘தூயவர்’, ‘ஆமென்’ ஆகியவை தெரிந்தவைதானே என்று கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். நான் அறிந்த குழுக்கள் பலவற்றில் இதுதான் நடைமுறை. ஆனால், திருச்சபை வகுத்திருக்கும் வரிசை இதற்கு நேர் எதிரானது. திருவழிபாட்டு இசை பற்றி 1967 மார்ச்சில் உரோமை வெளியிட்ட அறிவுறுத்தல், திருப்பலியில் பாடப்படுபவற்றை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. குருவும் மக்களும் மாறி மாறிச் சொல்லும் பகுதிகள், ‘தூயவர்’, திருப்பலியின் மையமாகக் குரு சொல்லும் நற்கருணை மன்றாட்டின் முடிவில் வரும் ‘ஆமென்’, இயேசு கற்பித்த இறைவேண்டல் ஆகியவை முதல் படி. ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’, ‘உன்னதங்களிலே’, ‘உலகின் பாவங்களைப் போக்கும்’ முதலியன இரண்டாம் படி. வருகைப் பாடலும் திருவிருந்துப் பாடலும் மூன்றாம் படியில்தான் வருகின்றன. முதல் படியை மட்டும் பாடலாம். முதல் படியை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் பாடுவது கூடாது என்பது விதி. நாம் மூன்றாம் படியில் மாளிகை கட்டிவிட்டு, முதல் படியில் மக்களைத் தடுக்கி விழவைக்கிறோம்.

அது எப்படி நடக்கிறதென்று பார்ப்போம். குரு நற்கருணை மன்றாட்டின் தொடக்கவுரையை முடிக்கிறார். வானதூதர்களோடு சேர்ந்து பாடும்படி நம்மை அழைத்துவிட்டார். மக்கள் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நொடியில் கீபோர்டில் நீண்ட முன்னிசை தொடங்குகிறது, தாளம் சேருகிறது, இசை ஏறி, இறங்கி, வளைந்து வருகிறது. இழுத்த மூச்சு வெளியே போய்விடுகிறது. எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பிறகு குழு பாடத் தொடங்குகிறது, அதுவும் சென்ற ஞாயிறு பாடாத மெட்டில். இரண்டாம் வரியில் நாலைந்து பேர் முணுமுணுத்துப் பார்க்கிறார்கள். நான்கு குரல்களும் பிரிந்ததும், எந்தக் குரலைத் தொடர்வது என்று புரியாமல் அவர்களும் நிறுத்திக்கொள்கிறார்கள். யாரும் அவர்களை வாயை மூடச் சொல்லவில்லை. ஆனாலும் மூடிவிட்டார்கள்.

‘உன்னதங்களிலே’ வேறு வகை. அதை எல்லாரும் சேர்ந்து பாடலாம், மக்களும் குழுவும் மாறி மாறிப் பாடலாம், குழு மட்டுமேகூடப் பாடலாம் என்று பொதுப் படிப்பினை இடம் கொடுக்கிறது. ‘தூயவர்’ பாடலுக்கு அந்தச் சலுகை இல்லை. அது நற்கருணை மன்றாட்டின் ஒரு பகுதி. மக்கள் அனைவரும் குருவோடு சேர்ந்து சொல்ல வேண்டியது. குருவுக்குரிய மன்றாட்டை நீங்கள் எடுத்துப் பாடமாட்டீர்கள் அல்லவா? மக்களுக்குரியதையும் அதே மதிப்போடு நடத்துங்கள்.

ஆகவே மாற்றத்தை அங்கிருந்தே தொடங்குங்கள். ஒரே ஒரு மெட்டைத் தேர்ந்தெடுத்து, அந்த வழிபாட்டுக் காலம் முழுவதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். முன்னிசை வேண்டாம், சுருதி மட்டும் போதும். குரு முடித்ததும் இடைவெளியின்றி முதல் சொல் எழும்ப வேண்டும். எல்லாரும் ஒரே குரலில் பாடுங்கள். ‘ஆமென்’ பாடலுக்கும் இதேதான். நற்கருணை மன்றாட்டு முழுவதற்கும் மக்கள் தரும் ஒப்புதல் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அவர்கள் அதைச் சொல்லி முடித்த பின் குழு தனியாக இன்னொரு ‘ஆமென்’ தொடங்கினால், அவர்கள் சொன்னது செல்லாததுபோல் ஆகிவிடுகிறது.

முதல் வாசகத்துக்குப் பின் வரும் பதிலுரைப் பாடலையும் கவனியுங்கள். அது அன்றைய இறைவார்த்தையின் ஒரு பகுதி. அதற்குப் பதிலாக உருக்கமான வேறொரு பாடலைப் பாடும் வழக்கத்தைப் பொதுப் படிப்பினை அனுமதிப்பதில்லை. குழுவில் ஒருவர் வாசக மேடையில் நின்று திருப்பாடலின் வரிகளைப் பாட, ஒற்றை வரிப் பல்லவியை மக்கள் திருப்பிப் பாடட்டும். புத்தகம் தேவையில்லை, திரை தேவையில்லை. ஒரு வரியை ஒரு முறை கேட்டால் யாரும் திருப்பிச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது ஸ்கேல், அதாவது பாட்டை எந்தச் சுருதியில் எடுப்பது என்பது. இதைப் பேரவையில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், அவர்களுக்குத் தெரியாது. பாட முடியவில்லை என்பதை மட்டுமே உணர்ந்திருப்பார்கள். பயிற்சி பெற்ற பெண்குரலுக்கு இனிக்கும் ஸ்கேல், பயிற்சியில்லாத குரலுக்கு ஏறாத மலை. கீபோர்டின் நடு ‘சி’ முதல் அடுத்த மேல் ‘டி’ வரை, ஆண்களுக்கு அதற்கு ஒரு ஸ்தாயி கீழே: சாதாரணக் குரல் வருந்தாமல் உலவும் எல்லை ஏறக்குறைய இவ்வளவுதான். காலைத் திருப்பலியில் அதுகூடச் சுருங்கும். குழு பாடும் பாடல்களில் மக்களும் சேர வேண்டியவற்றை எல்லாம் இந்த எல்லைக்குள் இறக்கிவிட்டு, நான்கு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

மைக்கையும் குறையுங்கள். பக்கத்தில் நிற்பவரின் குரல் காதில் விழுந்தால்தான் மனிதனுக்குத் தானும் பாடும் துணிவு வரும். ஒலிபெருக்கி ஆலயத்தை நிறைத்துவிட்டால், தன் குரல் தேவையில்லை என்று ஒவ்வொருவரும் முடிவு செய்துவிடுகிறார்கள். மக்கள் நன்கறிந்த பாடலின் கடைசிச் சரணத்தில் கருவிகள் அனைத்தையும் நிறுத்திப் பாருங்கள். முதல் முறை தடுமாறும். தடுமாறட்டும்.

இப்போது உங்கள் இளைஞர்கள். அவர்களிடமிருந்து நான்கு குரல் இசையைப் பிடுங்கச் சொன்னால் நான் உங்கள் பக்கம்தான் நிற்பேன். கேட்பதும் பங்கேற்பே, குழு பாடுவதைக் கேட்டு உள்ளத்தைக் கடவுளிடம் எழுப்ப மக்களைப் பழக்க வேண்டும் என்று அதே 1967ஆம் ஆண்டு ஏடு சொல்கிறது. காணிக்கை ஊர்வலம் நடக்கும்போதும், மக்கள் நற்கருணை பெற நடந்துவரும்போதும் குழு தனித்துப் பாட இடமுண்டு. நடந்துகொண்டிருப்பவர் கையில் பாட்டுப் புத்தகத்தைத் திணிக்க வேண்டியதில்லை. அங்கே உங்கள் பிள்ளைகள் தங்கள் முழுத் திறமையையும் காட்டட்டும். இன்னொரு வழியும் இருக்கிறது, அதுவே எனக்கு அதிகம் பிடித்தது: மக்கள் மெட்டைப் பிடித்துப் பாடிக்கொண்டிருக்கும்போது, கடைசிச் சரணத்தில் மட்டும் மற்ற மூன்று குரல்களும் அதன் மேலும் கீழும் சேர்ந்துகொள்வது. மெட்டு மக்களிடமே இருக்கும். அது இத்தனை அழகாக ஒலிக்கிறதே என்று அவர்களே வியப்பார்கள். தனித்துப் பாடுவதைவிட இது கடினம். மற்றவர்களைக் கேட்டுக்கொண்டே பாட வேண்டும். இப்படிச் சொல்லி அழைத்தால் இளைஞர்கள் ஓடமாட்டார்கள் என்றே நம்புகிறேன்.

இந்த இழுபறி நம் காலத்தில் பிறந்ததல்ல. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர்களைத் தவிர வேறு யாரும் ஆலயத்தில் பாடக் கூடாது என்று விதித்தது. அதே நூற்றாண்டில், 386இல், அரசவையின் நெருக்கடிக்கு நடுவே ஆலயத்தில் விழித்திருந்த மிலான் மக்கள் சோர்ந்துபோகாதபடி, ஆயர் அம்புரோசியார் அவர்கள் அனைவரையும் பாடவைத்தார். அந்த ஆலயத்தின் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர், பின்னாளில் ஆயரும் பெரும் இறையியலாளருமான அகுஸ்தினார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தன்னை அதிகமாக அசைத்த வேளைகளில் தான் குற்றம் செய்வதாகவும் அவர் எழுதியிருக்கிறார். அதற்காகப் பாட்டு வேண்டாம் என்று அவர் முடிவு கட்டவில்லை. இந்தக் கவலை அவர் போன்றவருக்கே இருந்ததென்றால், உங்கள் குழுவுக்கும் கொஞ்சம் இருப்பது நல்லது.

பெண் ஒருவர் இந்தக் கேள்வியை எழுதியிருப்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட இசை பற்றிய ஆணை, மக்கள் மீண்டும் பாட வேண்டும் என்று பேசியது. பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லை என்றும் சொன்னது. ஆண்களும் பெண்களும் கலந்த குழுவை, தேவைப்பட்டால் பெண்கள் மட்டுமே கொண்ட குழுவையும், 1967ஆம் ஆண்டு அறிவுறுத்தல் வெளிப்படையாக ஏற்றது. நீங்கள் நிற்கும் இடம் எளிதில் கிடைத்ததல்ல. ஒரு கூட்டத்தில் விழுந்த ஒரு சொல்லுக்காக அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னும் சில சிறு திருத்தங்கள். குரு மன்றாட்டைச் சொல்லும்போது பின்னணியில் கீபோர்டு ஒலிக்கக் கூடாது. தவக்காலத்தில் கருவிகள் பாட்டுக்குத் துணையாக மட்டும் ஒலிக்கலாம். நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விதிவிலக்கு. சமாதான வாழ்த்தின்போது தனிப்பாடல் வேண்டாம் என்று 2014இல் வத்திக்கான் தெளிவுபடுத்திவிட்டது. குழுவினர் பாடிக்கொண்டே இருந்து நற்கருணை பெறாமல் போவதும் சரியல்ல. அவர்கள் எளிதாக நற்கருணை பெற வழிசெய்யுமாறு பொதுப் படிப்பினையே சொல்கிறது. இதைப் பங்குத்தந்தையிடம் கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அவரைத் தனியாகச் சந்தியுங்கள், பேரவைக்கு முன்பாகவே. பழைய பாடல்கள் பற்றி வாதாட வேண்டாம். “தூயவர், ஆமென், பதிலுரைப் பல்லவி மூன்றையும் மக்களிடம் ஒப்படைக்கிறோம், ஃபாதர். காணிக்கையும் திருவிருந்தும் எங்களிடம் இருக்கட்டும். திருப்பலிக்கு முன் பத்து நிமிடம் மக்களுக்குக் கற்றுக்கொடுக்க அனுமதி கொடுங்கள்” என்று கேளுங்கள். கற்றுக்கொடுக்கும்போது பாடகர் மாடத்திலிருந்து பேசாமல், கீழே இறங்கி நடுவில் நின்று, கருவியில்லாமல் உங்கள் குரலால் பாடிக் காட்டுங்கள். ஒவ்வொரு வரியையும் இருமுறை. ஒரு வாரத்துக்கு ஒன்று போதும். கச்சேரி என்று சொன்ன அந்தப் பேரவை உறுப்பினர் வந்திருந்தால், முன்வரிசையில் உட்கார்ந்து பாடும்படி அவரையும் அழையுங்கள்.