ஜேம்ஸ் பாண்ட் எப்படி மாற வேண்டும் என்று கேட்டால்: முதலில் ஒழுங்காக வேலைக்குப் போகட்டும்

அடுத்த ஜேம்ஸ் பாண்ட் யார் என்று கேட்காமல், இந்தப் படவரிசை இனி எப்படி மாற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள், அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். யார் நடிப்பது என்ற சண்டை எனக்கு எப்போதோ சலித்துவிட்டது. 2005இல் டேனியல் கிரெய்க் பெயரை அறிவித்தபோது, இவருக்குத் தலைமுடி பொன்னிறமாக இருக்கிறது, இவர் எப்படி பாண்ட் ஆக முடியும் என்று ஒரு கூட்டம் கிளம்பி, படத்தைப் புறக்கணிக்கச் சொல்லித் தனி இணையதளமே தொடங்கியது. அடுத்த வருடம் கேசினோ ராயல் வெளிவந்தது. அதற்கப்புறம் அந்தக் கூட்டத்தின் சத்தத்தையே காணோம்.

என்னுடைய பதில் இதுதான்: பாண்ட் மறுபடியும் வேலைக்குப் போக வேண்டும்.

சிரிக்காதீர்கள். கிரெய்க் நடித்த ஐந்து படங்களையும் வரிசையாக நினைத்துப் பாருங்கள். கேசினோ ராயலில் காதலில் விழுந்து ராஜினாமா கடிதம் அனுப்புகிறார். குவாண்டம் ஆஃப் சோலஸில் மேலதிகாரி எம் அவரை நிறுத்தி வைக்கிறார், இவர் காவலர்களை அடித்துப் போட்டுவிட்டுத் தப்பிக்கிறார். ஸ்கைஃபாலில் செத்துவிட்டார் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்க, இவர் எங்கோ கடற்கரையில் குடித்துக்கொண்டு கிடக்கிறார். ஸ்பெக்டரில் மெக்சிகோவில் யாரையும் கேட்காமல் செய்த காரியத்துக்காக மறுபடி நிறுத்தி வைக்கப்படுகிறார், கடைசியில் காதலியைக் காரில் ஏற்றிக்கொண்டு போயே விடுகிறார். நோ டைம் டு டையிலோ ஓய்வு பெற்று ஜமைக்காவில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஐந்து படங்களில் இந்த மனிதர் விடுப்பு, இடைநீக்கம், ராஜினாமா எதுவும் இல்லாமல் காலையில் அலுவலகம் போய், வேலைக்கான ஃபைலை வாங்கி, வேலையை முடித்துத் திரும்பிய படம் ஒன்றுகூட இல்லை!

இது கிரெய்க்கின் தவறு இல்லை, அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எழுதியவர்கள் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. 1989இல் லைசன்ஸ் டு கில் படத்தில் டிமோத்தி டால்டன் நண்பனுக்காகப் பழிவாங்கக் கிளம்பி, கொல்லும் உரிமத்தையே இழக்கிறார். அன்றைக்கு அது அதிர்ச்சியாக இருந்தது, ஏனென்றால் அதுவரை 27 வருடங்களாக அந்த ஆள் பெரும்பாலும் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தார். விதியை மீறுவது எப்போதாவது நடந்தால்தான் சுவை. எல்லாப் படத்திலும் மீறினால் அப்புறம் எது விதி?

இதோடு சேர்ந்து வந்த இன்னொரு வியாதி, வில்லனுக்கும் நாயகனுக்கும் வீட்டு உறவு வைப்பது. ஸ்பெக்டர் படத்தில் பழைய படங்களின் பெரிய வில்லன் புளோஃபெல்டைக் கொண்டு வந்தார்கள். உரிமைத் தகராறு 2013இல் தீர்ந்ததால்தான் அந்தப் பெயரை மறுபடி பயன்படுத்தவே முடிந்தது, எவ்வளவு நாள் காத்திருந்த வில்லன்! கொண்டு வந்து என்ன செய்தார்கள்? சிறுவயதில் பெற்றோரை இழந்த பாண்டை எடுத்து வளர்த்தவரின் மகன்தான் இவன், அப்பா தன்னை விட பாண்டை நேசித்தார் என்ற பொறாமையில் அப்பாவையே கொன்றவன், முந்தைய படங்களில் பாண்ட் பட்ட துயரம் அத்தனைக்கும் காரணம் இவனே என்றார்கள். உலகத்தையே மிரட்டும் ஒரு அமைப்பின் தலைவன், கடைசியில் பார்த்தால் சொத்துச் சண்டையில் வரும் பங்காளி மாதிரி ஆகிவிட்டான். தியேட்டரில் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்புதான் வந்தது, பக்கத்தில் இருந்தவர் முறைத்தார்.

சரி, வேலைக்குப் போகும் பாண்ட் என்றால் என்ன என்று கேட்பீர்கள். எனக்கு எப்போதும் முன்மாதிரி 1963இல் வந்த ஃப்ரம் ரஷ்யா வித் லவ்தான், அதிலும் அந்த ரயில் பெட்டி. படத்தின் ஆரம்பத்திலேயே பாண்டிடம் ஒரு தோல் பெட்டியைக் கொடுக்கிறார்கள். 17 படங்களில் தொழில்நுட்பப் பிரிவு ஆள் கியூவாக வந்த டெஸ்மண்ட் லெவலின் முதன்முதலில் தலைகாட்டும் காட்சி அது. உள்ளே 50 தங்கக் காசுகள், ஒரு கத்தி, முகப்பவுடர் டப்பா மாதிரி ஒரு கண்ணீர்ப்புகைக் குப்பி. பெட்டியின் தாழ்ப்பாளை ஒரு குறிப்பிட்ட விதமாகத் திருப்பித்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் குப்பி முகத்தில் வெடிக்கும். அவ்வளவுதான் விளக்கம், இரண்டு நிமிடம்கூட இல்லை.

அதற்கப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பெட்டியின் ரகசியத்தை நாம் ஏறக்குறைய மறந்தே விடுகிறோம். ரயிலில் சக பிரிட்டிஷ் உளவாளி என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வருகிறான். சாப்பாட்டு மேசையில் மீனுக்குச் சிவப்பு ஒயின் கேட்கிறான். பாண்டின் கண் ஒரு நொடி அங்கே நிற்கிறது, ஆனால் சுதாரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அடி வாங்கி, ரயில் பெட்டிக்குள் மண்டியிட்டுக் கிடக்கிறார், எதிரே துப்பாக்கி. தப்பிக்க எந்த வழியும் இல்லை. ஒரு சிகரெட் கேட்கிறார், காசு தருகிறேன் என்கிறார். தன் பெட்டியைச் சரியாகத் திறந்து தங்கக் காசை எடுத்துப் போடுகிறார். கொலைகாரனின் முகத்தில் பேராசை தெரிகிறது. அவன் கொண்டு வந்த அதே மாதிரித் தோல் பெட்டியிலும் இருக்கும் என்று சொன்னதும், அவன் அதைத் தானே திறக்கிறான், எல்லோரும் திறப்பது மாதிரி. புகை. அப்புறம் அந்தக் குறுகிய இடத்தில் நீல வெளிச்சத்தில் ஒரு சண்டை, இசைகூடக் கிடையாது, மூச்சும் கண்ணாடி உடைவதும்தான். இருவருக்கும் சிறுவயதுப் பகை ஏதும் இல்லை. இருவரும் வேலைக்கு வந்தவர்கள், ஒருவன் கொஞ்சம் பேராசைப்பட்டான், அதனால் செத்தான். எனக்கு இதற்கு மேல் ஒரு உளவுப் படத்தில் எதுவும் தேவையில்லை.

நான் இதைச் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் ஒரே கேள்வியில் மடக்குவார்கள்: இந்த வரிசையின் சிறந்த படமே கேசினோ ராயல் என்கிறாயே, அது முழுக்க அவன் சொந்த மனக்காயம்தானே? நியாயமான கேள்வி, ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அந்தப் படத்தில் வெஸ்பர் யார்? சூதாட்ட மேசையில் வைக்கும் அரசுப் பணத்துக்குக் கணக்குப் பார்க்க, கருவூலத்திலிருந்து அனுப்பப்பட்ட அதிகாரி. வேலை நிமித்தமாக வந்தவர். படிக்கட்டில் இரண்டு பேரைக் கொன்ற பிறகு பாண்ட் சட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி சீட்டாட உட்கார்ந்துவிடுகிறார், ஏனென்றால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. அறைக்குத் திரும்பினால் வெஸ்பர் போட்டிருந்த உடையோடு ஷவரின் அடியில் நனைந்தபடி உட்கார்ந்திருக்கிறார், கையில் இருக்கும் ரத்தம் போகவே மாட்டேன் என்கிறது என்கிறார். பாண்ட் போட்டிருந்த சட்டையோடே பக்கத்தில் போய் உட்கார்ந்து தானும் நனைகிறார். அந்தக் காதல் வேலைக்குள்ளிருந்து முளைக்கிறது, அதனால் வலிக்கிறது. ஸ்பெக்டரில் அதே மாதிரி ஒரு காயத்தை வெளியிலிருந்து கொண்டு வந்து ஒட்டினார்கள், ஒட்டிய இடம் நன்றாகவே தெரிந்தது.

பழைய சோகத்தைத் தொடவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. 1969இல் பாண்டின் மனைவி டிரேசி திருமணம் முடிந்த சிறிது நேரத்தில் சுடப்பட்டுச் சாகிறார். 12 வருடம் கழித்து, ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி படத்தின் தொடக்கத்தில் ரோஜர் மூர் ஒரு கல்லறையில் பூ வைக்கிறார், கல்லில் அவள் பெயர். வசனமாக ஒரு புலம்பலும் இல்லை. உடனே ஹெலிகாப்டர் வந்துவிடுகிறது, ஆள் ஏறிப் போய்விடுகிறார். அந்த அளவு போதும்.

அந்தப் படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். 1977இல் வந்த படத்தின் கடைசியில் அடுத்தது ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி என்றுதான் அறிவித்திருந்தார்கள். அதே வருடம் ஸ்டார் வார்ஸ் வந்து வசூலை அள்ளியதும் மனசு மாறி, 1979இல் மூன்ரேக்கர் எடுத்து பாண்டை விண்வெளிக்கு அனுப்பி லேசர் துப்பாக்கிச் சண்டை போட வைத்தார்கள். பணம் நன்றாக வந்தது. ஆனால் அதற்கு மேல் போக இடமில்லை என்று அவர்களுக்கே தெரிந்தது. அடுத்த படத்தில் என்ன செய்தார்கள் பாருங்கள், பாண்டின் லோட்டஸ் காரை ஆரம்பத்திலேயே வெடிக்க வைத்துவிட்டு, ஒரு பெண்ணின் சின்ன மஞ்சள் சிட்ரோயன் காரில் அவரைத் தப்பிக்க விட்டார்கள். இதே கதை 2002இலும் நடந்தது. டை அனதர் டே படத்தில் கண்ணுக்கே தெரியாத கார், அதற்கடுத்த படத்தில் கருவிகள் ஏறக்குறைய எதுவுமே இல்லை. இந்த வரிசை எப்போதும் இப்படித்தான் மாறியிருக்கிறது: ஒரு பக்கம் எல்லை தாண்டிப் போய், வெட்கப்பட்டு, திரும்பி வரும். இந்த முறை தாண்டியது கருவிகளில் இல்லை, கண்ணீரில். 163 நிமிடம் ஓடிய நோ டைம் டு டையின் முடிவில் நாயகனே செத்துவிட்டார், இதற்கு மேல் எங்கே போவது?

மற்ற யோசனைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள் என்று தெரியும்.

1960களிலேயே கதையை வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்று நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அந்தக் கட்சிதான். மனசை மாற்றியது டாக்டர் நோ படத்தின் ஒரு நொடி. வில்லனின் மாளிகையில் நடந்து போகும் பாண்ட் ஒரு ஓவியத்தைப் பார்த்துச் சட்டென்று நிற்பார். அது கோயா வரைந்த வெல்லிங்டன் பிரபுவின் படம். 1961இல் லண்டன் தேசியக் கலைக்கூடத்திலிருந்து நிஜமாகவே திருடு போனது, 1962இல் படம் வந்தபோதும் கிடைக்கவில்லை. ஓகோ, திருடியது இவன்தானா என்று அன்றைய பார்வையாளர் சிரித்திருப்பார். பாண்ட் அன்றைய செய்தித்தாளோடு கூடவே ஓடியவர். அவரை அருங்காட்சியகத்தில் வைத்தால் உடை அழகாக இருக்கும், ஆள் இருக்க மாட்டார்.

பெண் பாண்ட்? நோ டைம் டு டையில் 007 என்ற எண்ணை நோமி என்ற பெண்ணிடம் கொடுத்தார்கள், உலகம் ஒன்றும் இடியவில்லை. ஆனால் அவளுக்கு அவள் பெயரிலேயே ஒரு கதை கொடுங்கள், இன்னொருவர் சட்டையை ஏன் மாட்டிவிட வேண்டும்? தோல் நிறம் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நாவல்களில் பாண்டைப் படைத்த இயன் ஃப்ளெமிங்கே, ஸ்காட்லாந்துக்காரரான ஷான் கானரி திரையில் பாண்டாக வந்த பிறகு எழுதிய நாவலில் பாண்டுக்கு ஸ்காட்லாந்து அப்பாவை வைத்தார். எழுதியவரே நடிகருக்குத் தகுந்தபடி வளைந்து கொடுத்திருக்கிறார், ரசிகர்கள்தான் வளைய மாட்டேன் என்கிறார்கள்.

பயமாக இருப்பது ஒன்றே ஒன்று: கிளைக்கதைகள். பாண்ட் படங்களில் பங்கு வைத்திருந்த எம்ஜிஎம் நிறுவனத்தை 2022இல் சுமார் 845 கோடி டாலருக்கு அமேசான் வாங்கியது. 2025 பிப்ரவரியில், இத்தனை காலம் இந்தப் படங்களைத் தயாரித்து வந்த பிராக்கலி குடும்பத்திடம் இருந்த படைப்பு அதிகாரமும் அமேசான் கைக்குப் போனது. இவ்வளவு பணம் போட்டவர்கள் எம்மின் செயலாளர் மணிபென்னிக்கு ஒரு தொடர், கியூவின் இளமைக்காலம் ஒரு தொடர் என்று ஆரம்பித்துவிடுவார்களோ என்ற கவலை எனக்கு உண்டு. சில வருடத்துக்கு ஒரு முறை வருவதால்தான் இந்த ஆளுக்கு மதிப்பு. வாராவாரம் வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிடுவார்.

அடுத்த படத்தை டெனி வில்நெவ் இயக்க, ஸ்டீவன் நைட் எழுதுவதாக அறிவித்திருக்கிறார்கள். வில்நெவ் மீது நம்பிக்கை இருக்கிறது, மௌனத்தைக் கையாளத் தெரிந்தவர். ஒரே பயம், அவருக்கும் பெரிய சோகம் என்றால் ஆசை. யாராவது அவருக்கு அந்த ரயில் பெட்டிக் காட்சியை மறுபடி போட்டுக் காட்டினால் தேவலை. படம் இரண்டு மணி நேரத்துக்குள் முடியட்டும், டாக்டர் நோ முடிந்தது, குவாண்டம் ஆஃப் சோலஸும் 106 நிமிடத்தில் முடிந்தது.

போன படத்தில் செத்தவர் எப்படி உயிரோடு வந்தார் என்பதுதானே அடுத்த சந்தேகம்? ஒரு வரிகூட விளக்கம் வேண்டாம். புது முகம், அதே பெயர். கதவைத் திறந்து உள்ளே வரட்டும், மணிபென்னியிடம் ஏதாவது அசட்டுத்தனமாகப் பேசி வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும், எம் நிமிர்ந்தே பார்க்காமல் ஒரு ஃபைலை மேசையின் குறுக்கே தள்ளட்டும். ஆள் அதை எடுத்துக்கொண்டு கிளம்பட்டும்.