உயிர்-செயற்கைக் கல்லீரலுக்கு ஆக்சிஜன்: கேள்வி பதில்

(உயிர்-செயற்கைக் கல்லீரல் என்பது உயிருள்ள கல்லீரல் செல்களை உள்ளே வைத்து, உடலுக்கு வெளியிலிருந்து கல்லீரலின் வேலையைச் செய்யும் கருவி.)

மீனா: மற்ற செல்களை எளிதாக வளர்க்கிறோம். கல்லீரல் செல்லுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆக்சிஜன் கவலை?

யூரியா தயாரிப்பு, புரத உற்பத்தி, மருந்துச் சிதைப்பு என்று அதற்கு ஓயாத வேலை. உடலில் ரத்தம் ஈடுகொடுக்கிறது: லிட்டருக்குச் சுமார் 200 மில்லி ஆக்சிஜன். பல கருவிகளில் ஓடுவதோ நோயாளியிடமிருந்து பிரித்த பிளாஸ்மா, அதாவது ரத்த அணுக்கள் நீங்கிய திரவம். ஹீமோகுளோபின் இல்லாததால், காற்றோடு சமநிலையில் அது லிட்டருக்கு 5 மில்லிகூடச் சுமக்காது. சிக்கலின் வேர் இதுதான்.

செந்தில்: சுத்த ஆக்சிஜன் கொடுத்தால்?

20 மில்லி வரை ஏறும். ஆனால் நுழைவாயில் செல்களை மிகை ஆக்சிஜனால் வரும் ரசாயனச் சேதம் கெடுக்கும், கடைசியில் இருப்பவை அப்போதும் பட்டினிதான்.

ராணி: பம்ப் வேகத்தைக் கூட்டலாமே?

குழல் இழைக் கருவியில் (திரவம் மெல்லிய சவ்வுக் குழாய்களுக்குள் ஓடும் வகை) செல்கள் இழைக்கு வெளியே இருக்கின்றன. உள்ளே எவ்வளவு வேகமாக ஓட்டினாலும், சவ்வைத் தாண்டி ஆக்சிஜன் பரவித்தான் போக வேண்டும். அடர்த்தியான செல் கூட்டம் 100, 150 மைக்ரானைத் தாண்டித் தடித்தால் நடுப்பகுதி சாகும். அதனால்தான் பெர்லினில் ஆய்வாளர் கெர்லாக்கின் குழுவும் ஆம்ஸ்டர்டாம் ஆய்வுக் குழுவும் செல்களுக்கு நடுவிலேயே ஆக்சிஜன் செல்லும் வாயு இழைகளை ஓட்டின. எனக்குப் பிடித்த வழி அதுதான்.

அன்வர்: வாயு இழை இடத்தை அடைக்கும். ஆக்சிஜனை நன்றாகக் கரைக்கும் பெர்ஃபுளோரோகார்பன் திரவத்தைக் கலந்தால் போதுமே!

இடத்தை அடைக்கும், சரி. ஆனால் தூரத்தைக் குறைக்கிறதே! பெர்ஃபுளோரோகார்பன் ஆக்சிஜன் அழுத்தத்துக்கு ஏற்பத்தான் சுமக்கும். அழுத்தம் குறைந்தால் பலனும் குறையும். அப்புறம், பிளாஸ்மா நோயாளிக்குத் திரும்பும்முன் அதை யார் பிரிப்பது?

அன்வர்: அப்படியானால் ஹீமோகுளோபின் கரைசல்?

தேவையான அழுத்தத்தில் விடுவிக்கும், அதை ஏற்கிறேன். ஆனால் சிவப்பணுவுக்கு வெளியே அது மெதீமோகுளோபினாக மாறிச் சுமக்கும் திறனை இழக்கும். நோயாளிக்குள் போனால் நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்து ரத்தக் குழாய்களைச் சுருக்கும். சவ்வுக்கு அப்பால், செல் பக்கம் மட்டும் வைத்தால் பேசலாம்.

கண்ணன்: சிலிண்டரை நேராக இணைத்தால்?

செந்திலுக்குச் சொன்னதுதான்.

லதா: எல்லாச் செல்லுக்கும் ஒரே அளவு ஆக்சிஜன் கொடுப்பது நல்லதா?

கட்டாயமில்லை. உடலிலேயே ரத்தம் கல்லீரலுக்குள் நுழையும் போர்ட்டல் சிரைப் பக்கம் ஆக்சிஜன் அழுத்தம் 60-65 மி.மீ. பாதரசம், வெளியேறும் மையச் சிரைப் பக்கம் 30-35. மருந்தைச் சிதைக்கும் நொதிகள் பல அந்தக் குறைந்த பக்கத்தில்தான் அதிகம்.

வேலு: அப்பாவுக்குக் கல்லீரல் செயலிழப்பு. இந்தக் கருவி உதவுமா?

இதைச் சிகிச்சை தரும் கல்லீரல் மருத்துவரிடம் கேளுங்கள், தாமதிக்காமல்.

பிரியா: வெளியேறும் குழாயில் ஆக்சிஜன் நன்றாகக் காட்டுகிறது, யூரியா மட்டும் குறைகிறது.

அந்த அளவுமானியை மட்டும் நம்பாதீர்கள் என்று எல்லோரிடமும் புலம்புகிறேன். அது காட்டுவது திரவத்தின் நிலையை. செத்த செல் ஆக்சிஜனை எடுக்காது, வெளியேறும் அளவு தானாக ஏறும். உள்ளே வரும் ஆக்சிஜன் அளவுக்கும் வெளியே போகும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓட்ட வேகத்தால் பெருக்கினால் செல்கள் எடுத்துக்கொண்டது தெரியும்; அதைத் தினமும் குறித்து வையுங்கள்.