பாக்கி

அன்புள்ள ஐயா,

பல்லடம் பக்கம் 16 சாதாத்தறி (பழைய விசைத்தறி) போட்டுக் கூலிக்கு நெய்து கொடுக்கிறேன். ஒரு கூட்டத்தில் அமெரிக்கக் கார் முதலாளி ஃபோர்டு கதை சொன்னார்கள். சம்பளத்தை இரண்டு மடங்காக்கினாராம், கம்பெனி வளர்ந்ததாம். அது எங்களைப் போன்றவர்களுக்கு ஆகுமா? ஐந்து ஆட்களுக்கு ஆளுக்கு 80,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். வட்டியே வாங்குவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போன ஒருவன் அப்படியே போய்விட்டான். அடுத்த வருடம் இரண்டு ஆட்டோ லூம், அதாவது தானியங்கித் தறி, போடலாம் என்றிருக்கிறேன். அதற்கு இந்த ஆட்களில் ஒரு பையனை வெளியே அனுப்பிப் பழக்கினால், பழகியதும் பக்கத்து தறி குடோனுக்குப் போய்விடுவான் என்கிறார் மனைவி. பழக்கலாமா, வேண்டாமா? பிறகு, உங்கள் எழுத்தில் முதலாளி என்றாலே கெட்டவன்தானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. நூல் விலை ஏறினால் உங்களுக்கு நெய்வதற்கான பாவு நூல் வராது. கரண்ட் கட்டணம் ஏறினால் அது உங்கள் கையிலிருந்து போகும். அந்த வருத்தத்தில் கேட்டுவிட்டீர்கள், விடுங்கள்.

ஃபோர்டு கதையில் பாதியைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 1914 ஜனவரியில் நாளுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார். அதற்கு முந்தைய வருடம் 14,000 பேர் வேலை செய்யும் இடத்தை நிரப்பி வைக்க 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தார்கள். ஆள் மாற மாற ஆகும் செலவைக் கணக்குப் போட்டுத்தான் சம்பளத்தை ஏற்றினார்கள். ஆட்கள் விட்டுப் போவது வெகுவாகக் குறைந்தது. கூடவே, தொழிலாளி குடிக்கிறானா, வீட்டை ஒழுங்காக வைத்திருக்கிறானா என்று ஆளனுப்பிப் பார்த்த அசிங்கமும் நடந்தது. அந்தக் கதை இவ்வளவு போதும்.

என்னைத் தைத்தது உங்கள் கடிதத்தில் வேறொரு வரி. "வட்டியே வாங்குவதில்லை."

ஒரு மாதமாக அப்பாவின் நோட்டு ஒன்று என் மேசையில் கிடக்கிறது. வீட்டைக் காலி செய்தபோது அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அப்பா குமாரபாளையத்தில் தறி ஓட்டினார். அங்கே இந்த அட்வான்ஸுக்குப் பாக்கி என்று பெயர். நோட்டின் முதல் பக்கத்தில் 'பாக்கி 1,500, தங்கச்சி கல்யாணம்' என்றிருக்கிறது. அடுத்த பக்கத்தில் வேறு முதலாளி, 'பாக்கி 2,200'. அதற்கடுத்து இன்னொருவர், 3,000. புது முதலாளி பழைய முதலாளிக்குப் பாக்கியை அடைத்து ஆளைக் கூட்டிப்போவார். ஒவ்வொரு தடவையும் அப்பா, "இங்க நல்லாருக்கும்" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா நூலைத் தார் சுற்றிக்கொண்டே கேட்டுக்கொள்வாள், பேச மாட்டாள். தறி மாறியது, முதலாளி மாறினார், கூலி மட்டும் அங்கேயே நின்றது. பாக்கி வாங்கியவன் கூலியைப் பற்றி வாய் திறக்க முடியுமா?

அந்தப் பணத்துக்கு வட்டி இல்லை என்கிறீர்களே, அவன் கேட்காமல் விட்ட கூலி உயர்வு எல்லாம் வட்டி அல்லாமல் வேறென்ன?

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். ஐந்து பேருக்கு நான்கு லட்சம். இரண்டு வட்டி என்று வைத்தாலும் மாதம் 8,000. நீங்கள் வெளியே வாங்கிக் கொடுத்திருந்தால் அது உங்கள் கையைக் கடிக்கிறது. சொந்தப் பணமென்றால் அது சும்மா முடங்கிக் கிடக்கிறது. அதையே ஆளுக்கு 1,600 என்று கூலியில் சேர்த்திருக்கலாம். ஓடிப்போனவனோடு போன 80,000 இருக்கிறதே, அது ஒரு ஆளுக்கு ஐம்பது மாதத்துக்கான உயர்வு. அவன் வாங்கியதைத் தராமல் போனது தப்புத்தான். ஆனால் நியாயமான கூலியைக் கொடுக்க மனமில்லாமல் கடனைக் கொடுத்து ஆளைக் கட்டிப்போடப் பார்த்தீர்களே, அதை ஏன் தயவு என்று எழுதுகிறீர்கள்? கடனுக்கு ஈடாக ஒருவனின் உழைப்பைப் பிடித்து வைப்பது 1976லிருந்தே குற்றம். அது உங்களுக்குத் தெரியாதென்று நான் நம்பவில்லை.

2022 ஜனவரியில் உங்கள் பக்கத்தில் தறிகளை நிறுத்தினீர்கள். பேசி முடித்த கூலி உயர்வை, உங்களுக்கு நூல் கொடுத்து நெய்து வாங்கும் ஜவுளி உற்பத்தியாளர்கள் தரவில்லை என்று. எனக்கு அப்போது உங்கள் மேல் அவ்வளவு மரியாதை. உங்களுக்கு வந்த உயர்வில் உங்கள் தறியை ஓட்டுகிறவனுக்கு எவ்வளவு போனது? கடிதம் முழுக்கத் தேடினேன், அது இல்லை.

நோட்டின் நான்காவது முதலாளி வேறு மாதிரி. அப்பா போய் நின்றபோது, "பாக்கி கேக்காதே, கூலி சேத்தித் தர்றேன்" என்றாராம். பழைய பாக்கியைக் கட்ட அம்மாவின் தோடு போனது. அம்மா அதைப் பெருமையாகச் சொல்வாள். அங்கே சேர்ந்த ஆறாவது மாதம் அந்த மனிதர் அப்பாவின் கையில் ஸ்பேனரைக் கொடுத்தார். அதுவரை பிக்கர் தேய்ந்தாலும் நாடா தெறித்தாலும், தறியைப் பழுது பார்க்கும் பிட்டர் வரும்வரை தறி நிற்கும். பிட்டருக்கு ஊரெல்லாம் வேலை, சில நாள் பாதி ஷிப்டு போய்விடும். அப்பா கற்றுக்கொண்டார். சத்தத்தை வைத்தே எந்தத் தறி என்ன கேட்கிறது என்று சொல்வார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலையைச் சாய்த்து, "ஒன்பதாவது தறி" என்று எழுந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு வருடத்தில் அவருக்குப் பிட்டர் கூலி. ஈரோட்டிலிருந்து அதிகக் கூலிக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் போகச் சொல்லி நச்சரித்தோம். அவர் போகவில்லை. 19 வருடம் அங்கேயே இருந்தார். அந்த முதலாளிக்கு 12 தறி 24 ஆனது. நோட்டில் அந்தப் பக்கங்களில் பாக்கி என்ற சொல்லே இல்லை. அரிசி, பள்ளிக்கூடக் கட்டணம், ஒரு இடத்தில் 'தோடு' என்று மட்டும்.

பையனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழக்குங்கள். ஆட்டோ லூம் ஓட்டத் தெரிந்த பிறகு சாதாத்தறிக் கூலியையே கொடுத்தால் போகத்தான் செய்வான், போகவும் வேண்டும். பழகப் போவதற்கு முன்பே, திரும்பி வந்தால் என்ன கூலி என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். அவன் பாக்கியையும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.

கடிதத்தில் தறியின் எண்ணிக்கை இருக்கிறது, அட்வான்ஸ் தொகை இருக்கிறது. அந்தப் பையனுக்கு என்ன வயது, எத்தனை வருடமாக உங்களிடம் இருக்கிறான், என்ன வேலை நன்றாக வரும் என்று ஒரு வரி இல்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.

அன்புடன்.