முதலில் எந்த வாக்கியம்? – கடிதம்

அன்புள்ள சார்,

கணவருக்கு லிஸ்பனில் வேலை கிடைத்து இந்த ஆண்டுதான் குடிவந்தோம். காபிக் கடைகளில் இளைஞர்கள் ஆங்கிலத்திலேயே பேசிவிடுகிறார்கள். ஆனால் போன வாரம் மகளுக்குக் கடுமையான இருமல். எங்கள் தெரு மருந்துக் கடையில் இருந்த வயதான அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியவில்லை. சைகையில் சமாளித்தேன். போர்ச்சுகீஸ் கற்கும் செயலி ஒன்றில் "பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்" என்பதுவரை வந்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பாப்பாவுக்கு இப்போது தேவலை என்று நம்புகிறேன்.

பையனும் ஆப்பிளும் இருக்கட்டும். "ப்ரெஸீஸு த" என்பதில் தொடங்குங்கள். "எனக்குத் தேவை" என்று பொருள். பின்னால் ஒரு பொருளின் பெயரை வைத்தால் வாக்கியம் முடிந்தது. ப்ரெஸீஸு த அஜூதா, உதவி தேவை. ப்ரெஸீஸு த உமா கோன்சுல்தா, டாக்டரைப் பார்க்க வேண்டும். புதிய ஊரில் முதல் மாதங்களில் நாம் வாய் திறப்பதே பெரும்பாலும் ஏதாவது தேவைப்படும்போதுதான். பாடப்புத்தகங்கள் இதைப் பத்தாவது பாடத்துக்குத் தள்ளிவைப்பது எனக்கு உடன்பாடில்லை.

உச்சரிப்பில் 'ஸீ'யை அழுத்துங்கள். கடைசி 'ஸு' தொண்டை அதிர வரவேண்டும், வண்டின் ரீங்காரம்போல. லிஸ்பன்காரர்கள் உயிரெழுத்துகளை விழுங்குவார்கள் என்பதால் உங்கள் காதில் "ப்ர்ஸீஸு த்" என்றுதான் விழும். அந்த 'த' நம்முடைய 'பந்து'வில் வரும் மெல்லிய 'த'தான், நாக்கு பல்லைத் தொட வேண்டும். பிரேசில் காணொளிகளில் படித்தால் அதையே பலர் 'ஜி' என்பார்கள், குழம்ப வேண்டாம்.

மருந்துக் கடைக்கே திரும்பப் போவோம். உள்ளே நுழைந்ததும் "போவா தார்த்" என்று மதிய வணக்கம் சொல்லிவிடுங்கள். வணக்கம் சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வருவதை அங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். பிறகு, "ப்ரெஸீஸு த உம் ஷரோப் பரா அ தோஸ்": இருமலுக்கு ஒரு சிரப் தேவை. "பரா அ மீஞா ஃபீல்யா": என் மகளுக்கு. உடனே அந்த அம்மா வயதைக் கேட்பார். "குவாத்ரு அனுஷ்" என்றால் நான்கு வயது. அடுத்து, வறட்டு இருமலா, சளியோடா என்பார். 'ஸேக்கா' என்ற சொல் காதில் விழுந்தால் அது வறட்டு இருமல். 'ரெசைத்தா' என்றால் மருந்துச் சீட்டு கேட்கிறார். எதிரில் இருப்பவர் கேட்கக்கூடிய இந்த மூன்று நான்கு சொற்களையும் சேர்த்தே படியுங்கள். நாம் சொல்வதைவிடத் திரும்ப வரும் கேள்வியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

காபிக் கடையில் மட்டும் இந்த 'ப்ரெஸீஸு த' வேண்டாம். அங்கே "கெரீயா உம் கஃபே", அதாவது ஒரு காபி கிடைத்தால் நல்லது என்று பணிவாகக் கேட்பதுதான் வழக்கம். நாம் 'வேண்டும்' என்ற ஒன்றிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவோம். அவர்களோ தேவையை ஒரு சொல்லாலும் விருப்பத்தை இன்னொன்றாலும் சொல்கிறார்கள். நேரடியாக 'கேரு' (வேண்டும்) என்றாலும் புரியும், ஆனால் கொஞ்சம் அதட்டலாக இருக்கும்.

இலக்கணத்தில் ஒன்றே ஒன்று. குறிப்பிட்ட பொருளானால் 'த' என்பது 'து' அல்லது 'தா' ஆகும்: ப்ரெஸீஸு து பாஸபோர்த், ப்ரெஸீஸு தா ரெசைத்தா. மாற்றிச் சொன்னாலும் யாருக்கும் புரியாமல் போகாது. அதற்காகத் தயங்கி வாயை மூடிக்கொள்ளாதீர்கள். கடைக்காரர் "ப்ரெஸீஸா..." என்று தொடங்கினால் உங்களுக்கு ஏதாவது தேவையா என்று கேட்கிறார். வேண்டாமென்றால், "நாவ்ன், ஒப்ரிகாதா". பெண்கள் சொல்வது 'ஒப்ரிகாதா'. உங்கள் கணவர் 'ஒப்ரிகாது' என்று சொல்ல வேண்டும்.

கைக்குழந்தை, பள்ளிக் குழந்தை உள்ள வீட்டில் இன்னொன்றையும் இன்றே பழகுங்கள். அவசர எண் 112. "ப்ரெஸீஸு த உமா அம்புலான்ஸியா" என்பதோடு உங்கள் தெருப் பெயர், வீட்டு எண், மாடி ஆகிய மூன்றையும் போர்ச்சுகீஸில் தடங்கலின்றிச் சொல்ல வரவேண்டும். ஒரு தாளில் தமிழ் எழுத்திலேயே எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கணவரையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.