விசிட் விசாவில போய் ரெஸ்டோரன்ட் வேலை செய்யலாமோ?

கேள்வி: மச்சான் துபாயில நிக்கிறார், விசிட் விசாவில வந்து ஊரையும் சுத்திப் பார், ரெஸ்டோரன்டில வேலையும் எடுத்துத் தாறன் எண்டுறார். நம்பிப் போகலாமோ அண்ணை?
- வாசகர், பரந்தன்

பதில்: சுத்திப் பாக்கப் போங்கோ தம்பி, ஆனா அந்த விசாவில கோப்பை கழுவினாலும் சட்டப்படி பிழைதான், பிடிபட்டா மச்சானும் கையை விரிச்சிடுவார். முதல் ஒஃபர் லெட்டரை வாங்கி சம்பளம், எத்தனை மணித்தியாலம், லீவு, தங்க இடம் எல்லாம் எழுதிக் கிடக்கோ எண்டு பாருங்கோ, வேர்க் பெர்மிட் வந்தாப் பிறகுதான் கிச்சனுக்க கால் வைக்கிறது. விசாக் காசு உங்களிட்டக் கேட்டா யோசியுங்கோ, அங்கத்தைச் சட்டப்படி அது முதலாளின்ர செலவு. பாஸ்போட்டை வாங்கி வைக்கவும் விடாதேங்கோ. தொடக்கத்தில அனேகமா கோப்பையும் வெங்காயமும்தான், நல்ல சப்பாத்தா கொண்டு போங்கோ, நாள் முழுக்க நிக்கோணும்! போக முதல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதியுங்கோ, சந்தேகமெண்டா அவையின்ர 1989 எண்ட நம்பருக்கு அடிச்சுக் கேளுங்கோ.