அமெரிக்காவில் இறந்தவரின் பதிவை எங்கே தேடுவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்களைப் பார்க்க வந்திருந்த அப்பா சென்ற மாதம் தவறிவிட்டார். நாங்கள் குடியிருப்பது ஃப்ரீமாண்ட், அலமேடா கவுண்டி. மருத்துவமனை ஸான் ஹோசேயில். சான்றிதழை எந்த கவுண்டியில் கேட்க வேண்டும்? எத்தனை பிரதிகள் வாங்குவது?

பதில்: உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போன்றது. இங்கே உயிர் பிரிந்த இடம் எந்த கவுண்டியோ, பதிவும் அங்கேதான் இருக்கும். குடியிருந்த இடமோ தகனம் நடந்த இடமோ கணக்கில் வராது. ஆகவே நீங்கள் போக வேண்டியது ஸான் ஹோசே இருக்கும் ஸான்டா கிளாரா கவுண்டி. கலிஃபோர்னியாவில் இன்னொன்றும் உண்டு: நடப்பு ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டு இறப்புகளைப் பொதுவாக கவுண்டியின் பொதுச் சுகாதாரத் துறை தரும். அதற்கும் பழையது என்றால் கவுண்டி ரெக்கார்டர் அலுவலகம்.

இங்கே இருவகைப் பிரதிகள் உண்டு. ஒன்று உரிமையுள்ளவர்களுக்கு மட்டும் தருவது. மற்றொன்று யார் கேட்டாலும் கிடைக்கும், ஆனால் அடையாளத்தை நிரூபிக்க இது செல்லாது என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். வங்கிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் முதல் வகைதான் வேண்டும். அதற்கு மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், பேரப்பிள்ளைகள் போன்றோர் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட வேண்டும். தபாலில் அனுப்பினால் அதில் நோட்டரி முத்திரையும் அவசியம். பல வீடுகளில் இந்த வேலையை மருமகன் தலையில் கட்டிவிடுகிறார்கள். அவர் அலையட்டும், கையெழுத்தை மகனோ மகளோ போடுவதுதான் சிக்கலில்லாத வழி.

பிரதிகளைப் பொறுத்தவரை தாராளமாக வாங்குங்கள். இங்கும் இந்தியாவிலும் சொத்து, வங்கிக் கணக்கு இருந்தால் எட்டு முதல் பத்து வரை வேண்டியிருக்கும் என்பது என் கணிப்பு. ஜெராக்ஸ் பல இடங்களில் செல்லாது, கொடுத்த அசலைத் திருப்பித் தராத நிறுவனங்களும் உண்டு. இறுதிச் சடங்கை நடத்தித் தரும் ஃபியூனரல் ஹோம்காரர்களே மொத்தமாக வாங்கித் தந்துவிடுவார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சான்றிதழுக்கான விவரங்களை ஃபியூனரல் ஹோமில் கேட்பார்கள், குடும்பம் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிற நேரத்தில். இறந்தவரின் தாயுடைய திருமணத்துக்கு முந்தைய பெயர், தந்தை பெயர், படிப்பு, தொழில் என்று வரிசையாக வரும். தொழில் என்ற இடத்தில் 'ஓய்வு பெற்றவர்' என்று போடக் கூடாது, வாழ்நாளில் பெரும்பகுதி செய்த வேலையை எழுத வேண்டும். பார்க்க வந்த பெற்றோருக்கு வசிப்பிடம் என்பது ஊரில் உள்ள வீட்டு விலாசம்தான், உங்கள் அபார்ட்மென்ட் அல்ல. பெயரைப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள். பதிவுக்குப் போகும் முன் வரைவைக் காட்டச் சொல்லி இரண்டு பேராவது படித்துப் பாருங்கள். அன்றைக்குப் பத்து நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய பிழை, பதிவான பிறகு மாதக்கணக்கில் இழுக்கும். அப்போதும் பழைய தாளை மாற்றித் தர மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் திருத்தத்தைத் தனித் தாளாகச் சேர்ப்பார்கள். மரண காரணப் பகுதியில் தவறு இருந்தால் மருத்துவரோ, மரணங்களை விசாரிக்கும் அரசு அதிகாரியான கரோனரோதான் அதைத் தொட முடியும்.

கேள்வி: நியூ ஜெர்ஸி எடிசனில் அத்தை இறந்தார். கவுண்டி அலுவலகத்தில் "எங்களிடம் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அலைக்கழிக்கிறார்களா?

பதில்: இல்லை, சரியாகத்தான் சொன்னார்கள். இறப்புப் பதிவை கவுண்டி வைத்திருப்பது எல்லா மாநிலங்களிலும் கிடையாது. நியூ ஜெர்ஸியில் அது இறப்பு நடந்த ஊராட்சியின் பதிவாளரிடம் இருக்கும், நீங்கள் எடிசன் டவுன்ஷிப்பைக் கேளுங்கள். மாசசூசெட்ஸ், கனெக்டிகட் பக்கம் டவுன் கிளார்க். கனெக்டிகட்டில் கவுண்டி நிர்வாகத்தையே 1960-ல் ஒழித்துவிட்டார்கள். ஃப்ளோரிடாவில் கவுண்டி சுகாதாரத் துறை, சிகாகோ என்றால் குக் கவுண்டி கிளார்க். நியூயார்க் நகரம் தனி ராஜ்ஜியம்: அதன் ஐந்து பகுதிகளும் ஐந்து கவுண்டிகள்தான், ஆனாலும் சான்றிதழ் நகரச் சுகாதாரத் துறையிடமிருந்து வரும். 1949-க்கு முந்தையவை நகராட்சி ஆவணக் காப்பகத்தில். எந்த மாநிலமானாலும் தேடலை அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் இணையதளத்தில் தொடங்குங்கள். எந்த ஆண்டுப் பதிவு யாரிடம் என்று மாநில வாரியாக அங்கே பட்டியல் இருக்கிறது.

கேள்வி: பெரியப்பா 1970-களில் சிகாகோவில் காலமானார். அவர் பெயரில் எந்தப் பதிவும் இல்லை என்று பதில் வந்தது. பணமும் போயிற்று. இனி என்ன செய்வது?

பதில்: முதலில் பணத்தைப் பற்றி: பல கவுண்டிகளில் கட்டணம் தேடுவதற்குத்தான். கிடைக்காவிட்டாலும் திரும்ப வராது, 'பதிவு இல்லை' என்று ஒரு தாள் வரும். அதனால் வீட்டிலேயே முடிந்தவரை தேடிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள்.

நம்மவர் பதிவுகள் கிடைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயர்தான். ஊரில் எஸ். முருகேசன் என்று இருந்தவர் இங்கே வந்ததும் இனிஷியல் விரிந்து முருகேசன் சின்னசாமி ஆகியிருப்பார். அப்போது பதிவேட்டில் அவர் குடும்பப் பெயர் சின்னசாமி. மருத்துவமனை ஊழியர் மாற்றி எழுதியிருந்தால் சின்னசாமி முருகேசன். இரண்டையும் கேட்க வேண்டும். அடுத்தது எழுத்துக்கூட்டு. 'ழ' வரும் பெயரை இசட்-ஹெச் போட்டும் எழுதுவார்கள், வெறும் எல் போட்டும் எழுதுவார்கள். 'சாமி' என்பதில் டபிள்யூ இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நீளமான பெயர் நடுவில் இரண்டாக உடைந்து, பின்பாதி மட்டும் குடும்பப் பெயராக நிற்பதும் சகஜம். விண்ணப்பத்தில் மாற்றுப் பெயர்களுக்கு இடம் இல்லாவிட்டால் தனித் தாளில் எழுதி இணையுங்கள். தேதி உறுதியில்லை என்றால் முன்னும் பின்னும் சில ஆண்டுகள் தேடச் சொல்லலாம், சில இடங்களில் அதற்குத் தனிக் கட்டணம்.

சரியான தேதியைப் பிடிக்க நல்ல வழி, சோஷியல் செக்யூரிட்டி (அரசின் ஓய்வூதியத் திட்டம்) இறப்புப் பட்டியல். அவர் இங்கே வேலை பார்த்திருந்தால் அதில் இருக்க வாய்ப்புண்டு. ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே தேடலாம். 2013-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு அண்மை மூன்று ஆண்டு விவரங்களைப் பொதுவில் தருவதில்லை, உங்களுக்கு அது தடையில்லை. பெரியப்பா வீடு வாங்கியிருந்தாரா? அப்படியென்றால் நீதிமன்றத்தில் ப்ரோபேட் கோப்பு, அதாவது இறந்தவரின் சொத்தைப் பிரித்துக் கொடுத்த வழக்கின் கோப்பு, இருக்கலாம். பெரும்பாலும் அது பொது ஆவணம், வாரிசுகள் பெயரும் இறந்த தேதியும் அதிலேயே கிடைத்துவிடும். புறநகர் மருத்துவமனையில் இறந்திருந்தால் பக்கத்து டுபேஜ் கவுண்டியையும் விட்டுவிடாதீர்கள். இல்லினாய்ஸில் இருபது ஆண்டு கடந்த இறப்புப் பதிவுகளை வம்சாவளி ஆய்வுக்கென்று கேட்டுப் பெறலாம்.

கேள்வி: கலிஃபோர்னியாவுக்கு முதலில் வந்த இந்தியத் தொழிலாளர்களைப் பற்றி ஆராய்கிறேன். கவுண்டிப் பதிவுகள் உதவுமா?

பதில்: நிச்சயமாக. மாநில அளவிலான பதிவு 1905 ஜூலையில் தொடங்கியது. அதற்கு முந்தையவை கவுண்டிகளில் மட்டுமே. இம்பீரியல், சட்டர் கவுண்டிகளில் தொடங்குங்கள், பஞ்சாபி விவசாயிகள் நிறையப் பேர் குடியேறிய பகுதிகள் அவை. இனம் என்ற இடத்தில் 'ஹிந்து' என்று இருந்தால் மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சீக்கியரோ முஸ்லிமோ, இந்தியாவிலிருந்து வந்த எல்லோரையும் அன்று அப்படித்தான் எழுதினார்கள். ஸான் ஃபிரான்சிஸ்கோவில் 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் பழைய பதிவுகள் பெருமளவு அழிந்துவிட்டன.

கேள்வி: அம்மா நியூயார்க்கில் இறந்தார், இந்தியக் குடியுரிமை. ஊரில் பட்டா மாற்ற வேண்டும். "அமெரிக்கச் சான்றிதழ் எல்லாம் செல்லாது, பஞ்சாயத்தில் இங்கே இறந்ததாகப் பதிந்துவிடலாம்" என்கிறார் புரோக்கர்.

பதில்: தயவுசெய்து அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். இறப்பு நடந்த இடத்தில்தான் பதிய வேண்டும். பொய்த் தகவல் கொடுத்துப் பதிவது குற்றம். நாளைக்கு உடன்பிறந்தவர்களுக்குள் சொத்துத் தகராறு வந்தால் அந்த ஒரு தாளே உங்களுக்கு எதிராக நிற்கும்.

நேர்வழி இருக்கிறது, கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டு ஆவணம் உண்மையானது என்று மற்ற நாட்டில் ஏற்கவைக்கும் அரசு முத்திரை. அமெரிக்காவும் இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் இருக்கின்றன, இந்தியாவுக்கு அது 2005-லிருந்து நடைமுறையில் உள்ளது. சான்றிதழ் வழங்கிய மாநிலத்திலேயே அப்போஸ்டில் வாங்க வேண்டும். நியூயார்க் நகரத்துக்கு வரிசை இது: நகரச் சுகாதாரத் துறையில் சான்றிதழுடன் அதன் கையொப்பத்தை உறுதிசெய்யும் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். பிறகு நியூயார்க் கவுண்டி கிளார்க்கிடம் சான்று, கடைசியாக நியூயார்க் மாநில அரசின் 'டிபார்ட்மென்ட் ஆஃப் ஸ்டேட்' அலுவலகத்தில் அப்போஸ்டில். கடிதம் வாங்காமல் போனால் கவுண்டி கிளார்க் ஜன்னலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். லேமினேட் செய்துவிடாதீர்கள்.

அம்மா இந்தியக் குடிமகளாக இருந்ததால் இந்தியத் துணைத் தூதரகத்திலும் இறப்பைப் பதியலாம், 1969-ம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20-வது பிரிவில் அதற்கு வழி உண்டு. பாஸ்போர்ட்டையும் அப்போதே ரத்து செய்யக் கொடுத்துவிடுங்கள். இந்தத் தாள்களோடு தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பட்டாவில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர் என்றால் இருவரும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரமும் வேண்டியிருக்கும்.

கேள்வி: அண்ணனின் சான்றிதழில் மரண காரணம் 'நிலுவையில்' என்று இருக்கிறது. இன்ஷூரன்ஸில் ஏற்கவில்லை.

பதில்: மரண காரணத்தை ஆராயும் அரசு மருத்துவரான மெடிக்கல் எக்ஸாமினர் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கிறார் என்று அர்த்தம். வாரங்கள் ஆகலாம், சில சமயம் மாதங்கள். அவர் அலுவலகத்தில் வழக்கு எண்ணைச் சொல்லி அவ்வப்போது விசாரியுங்கள். முடிவு வந்ததும் புதிய பிரதிகளை வாங்க வேண்டும், கையில் இருப்பவை தானாக மாறாது. வங்கிக் கணக்கு போன்ற காரியங்களுக்கு இப்போதைய பிரதியையே பல இடங்களில் ஏற்பார்கள், அவற்றை நிறுத்தி வைக்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரு தளம் சான்றிதழுக்கு மும்மடங்கு கேட்கிறது. அரசுத் தளமா?

பதில்: அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளங்கள் நிறைய உண்டு. விலாசம் டாட் கவ் என்று முடிகிறதா பாருங்கள், டாட் காம் என்றால் நின்று யோசியுங்கள். வைட்டல்செக் போன்ற தனியார் சேவையைப் பல மாநிலங்களே அதிகாரபூர்வமாகப் பயன்படுத்துகின்றன. அதற்கும் கவுண்டியின் சொந்தப் பக்கத்தில் உள்ள இணைப்பு வழியாகவே போங்கள். அவசரமில்லை என்றால் விண்ணப்பத்தை இறக்கிக்கொண்டு, மணி ஆர்டருடன் தபாலில் அனுப்பினால் சேவைக் கட்டணம் மிச்சம்.