பாட்டியின் முதல் கல்யாணம் எந்தப் பேப்பரில் இருக்கும்? வட ஆற்காடு கேள்வி பதில்

குடியாத்தம், ஆரணி, அரக்கோணம், திருப்பத்தூர் என்று பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: குடும்பத்தில் ஒரு பெண், அவள் யாருக்கெல்லாம் வாழ்க்கைப்பட்டாள், நடுவில் என்ன ஆயிற்று. ஆண்களுக்கு ஏழு தலைமுறை கொடிவழி எழுதி வைத்திருக்கும் வீட்டில்கூட பெண்களுக்கு ஒரு வரி இருக்காது. அந்த ஒரு வரியையாவது மீட்டுவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மா: தாத்தாவுக்கு முன்னாலேயே பாட்டிக்கு ஒரு கல்யாணம் ஆகியிருந்தது என்று அத்தை சொன்னார். பாட்டியின் பெயரும் பிறந்த ஊரும்தான் தெரியும். எந்தப் பத்திரிகையில் தேடட்டும் ஐயா?

அம்மா, பாட்டியின் பெயரை வைத்துக்கொண்டு தேட ஆரம்பிக்காதீர்கள். அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் பெண்ணின் பெயர் அபூர்வம். இன்னார் குமாரத்தி (மகள்), இன்னார் பாரியை (மனைவி) என்றுதான் வரும். பாட்டியின் அப்பா, கூடப் பிறந்தவர்கள், தாய்மாமன் பெயர்களை முதலில் சேகரியுங்கள். தாய்மாமனை விட்டுவிடாதீர்கள். முறை மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற வழக்கம் உள்ள ஊர் நம்முடையது. அந்த முதல் கணவர் மாமன் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம்.

சுதேசமித்திரன் 1899இலிருந்து நாளிதழாக வந்தது. ஆனால் அதில் கல்யாணச் செய்தி வர வேண்டுமென்றால் வக்கீலோ மிராசுதாரோ உத்தியோகஸ்தரோ சம்பந்தப்பட்டிருக்க வேண்டும். நெசவோ விவசாயமோ செய்த குடும்பம் என்றால் சாதிச் சங்க இதழ்களைப் பாருங்கள். செங்குந்த மித்திரன் போன்றவற்றில் சின்ன ஊர்ச் செய்திகளுக்கும் இடம் இருந்தது. அப்புறம் குடி அரசு. 1925இல் ஈரோட்டில் தொடங்கிய அந்த வார இதழில், 1928க்குப் பிறகு சுயமரியாதைத் திருமணச் செய்திகள் நிறைய வந்தன. மணமக்கள் ஊர், பெற்றோர், தலைமை தாங்கியவர் எல்லாம் கிடைக்கும். மணமகள் விதவை என்றால் அதை மறைக்காமல் பெருமையோடு போட்டார்கள். உங்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் நீங்கள் தேடுவது முதல் கல்யாணத்தை என்றாலும், அதற்குத் தடயம் இரண்டாவது கல்யாணச் செய்தியில் இருக்கக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது கோர்ட் வழக்குகளைத்தான். 1856ஆம் வருஷ விதவை மறுமணச் சட்டம் மறுமணத்தை அனுமதித்தது. ஆனால் மறுமணம் செய்துகொண்டால் செத்துப்போன கணவனின் சொத்தில் அவளுக்கு இருந்த உரிமை போய்விடும் என்றும் அதே சட்டம் சொன்னது. 1937இல் வந்த சட்டம் விதவைக்குக் கணவன் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கைக் கொடுத்தது, அதுவும் அவள் ஆயுள் வரைக்கும்தான். பங்காளிகள் என்ன செய்வார்கள்? 'அவள் அறுத்துக் கட்டிக்கொண்டாள், நிலம் எங்களுக்குச் சேர வேண்டும்' என்று பிராது கொடுப்பார்கள். வீட்டில் யாரும் வாய் திறக்காத கல்யாணம், எந்த ஊரில், யார் முன்னிலையில் நடந்தது என்பதுவரை சாட்சி வாக்குமூலத்தில் வந்துவிடும். அப்பீல் ஐகோர்ட் வரை போயிருந்தால் தீர்ப்பு இணையத்தில் 'இந்தியன் கானூன்' தளத்திலேயே கிடைக்கலாம். ஊர்ப் பெயரையும் ஆண்களின் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

ஆற்காட்டிலிருந்து: கொள்ளுப்பாட்டியின் முகூர்த்தப் பத்திரிகை கிடைத்தது. 'விபவ வருஷம் ஆவணி மாதம் 12ஆம் தேதி சோமவாரம்' என்று மட்டும் இருக்கிறது. எந்த வருஷத்துப் பேப்பரைப் புரட்டுவது?

தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும். 1868, 1928, 1988 மூன்றுமே விபவதான். இங்கே கிழமை கைகொடுக்கிறது. ஆவணி 12 திங்கட்கிழமையில் விழுவது 1928இல், ஆகஸ்ட் 27ஆம் தேதி. மற்ற இரண்டிலும் கிழமை ஒத்துவராது. ஆகவே 1928 ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை பாருங்கள். வெளியூர்ச் செய்தி பேப்பருக்குத் தபாலில் போய் அச்சாக நாளாகும்.

இதற்கு அடுத்த சுக்கில வருஷத்து (1929-30) முகூர்த்தப் பத்திரிகை யார் வீட்டிலாவது இருந்தால் மணமகளின் வயதைக் கட்டாயம் கவனியுங்கள். குழந்தை மணத் தடைச் சட்டம், சாரதா சட்டம் என்பார்களே, அது 1929 செப்டம்பரில் நிறைவேறி 1930 ஏப்ரல் 1ஆம் தேதிதான் அமலுக்கு வந்தது. இடைப்பட்ட ஆறு மாதத்தில் அவசர அவசரமாகச் சின்னப் பெண்களுக்கெல்லாம் தாலி கட்டினார்கள். வயதுக்கு வருமுன்பே விதவையான குழந்தைகள் அவர்களில் இருந்தார்கள். 'பாட்டிக்கு முன்னாலே ஒரு கல்யாணம்' என்று காதோடு காதாகச் சொல்லப்படும் கதைகளில் சில இப்படிப்பட்டவை. அதை அந்தப் பெண்ணின் ரகசியம் என்று பேசுவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

பேரணாம்பட்டிலிருந்து: 1962இல் தாத்தாவுக்குப் போட்ட முதலாண்டு நினைவு அறிவிப்பில் மகன்கள் என்று ஆறு பெயர். முதல் இரண்டு பேருக்கு மட்டும் இனிஷியல் வேறு. அச்சுப் பிழையா?

ஒருவருக்கு மட்டும் என்றால் அச்சுப் பிழை எனலாம். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மாறாது. அவர்கள் வரிசையில் முதலில் வருகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நினைவு அறிவிப்பில் மூத்தவர் பெயரைத்தான் முதலில் போடுவது வழக்கம். ஆகவே பாட்டி முதல் கணவருக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளோடு தாத்தா வீட்டுக்கு வந்திருக்க வாய்ப்பு அதிகம். தாத்தா அவர்களைத் தன் மகன்களாகவே வளர்த்திருக்கிறார், பின்னால் பிறந்தவர்களும் அண்ணன்மார் என்றே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சாதாரண விளம்பரம் ஒரு நல்ல குடும்பத்தை நமக்குக் காட்டுகிறது.

ஆனாலும் உறுதி செய்யாமல் எழுதிவிடாதீர்கள். தாத்தாவின் சொந்தப் பிள்ளைகளையே வேறு வீட்டுக்குத் தத்துக் கொடுத்திருந்தாலும் இனிஷியல் மாறும். சிலர் அப்பா பெயரோடு ஊர்ப் பெயரின் எழுத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். அந்த இருவரின் பள்ளிக்கூட டி.சி., கல்யாணப் பத்திரிகை, நிலப் பத்திரம் மூன்றில் ஒன்று கிடைத்தாலும் தகப்பனார் பெயர் தெரிந்துவிடும். வில்லங்கச் சான்று 1975 முதல் இணையத்திலேயே பார்க்கலாம். அதற்கு முந்தியது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட வேண்டும்.

சத்துவாச்சாரியிலிருந்து: அம்மாவின் பெரியம்மாவைப் பற்றி 1951இல் அவர் கணவர் கொடுத்த அறிவிப்பு கிடைத்தது. 'என் மனைவி என்னை விட்டுப் போய்விட்டபடியால் அவள் செய்யும் கொடுக்கல் வாங்கலுக்கு நான் பொறுப்பல்ல.' இது விவாகரத்துதானே?

இல்லை. அது கடன்காரர்களுக்குச் சொன்ன எச்சரிக்கை. அதனால் தாலி அறுந்துவிடாது. சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்து உரிமை கொடுத்த சட்டம் 1949இல் வந்தது. இருதார மணத்தைத் தடுத்ததும் அதுதான். ஆக, 1951இல் முறைப்படி பிரிந்திருந்தால் கோர்ட்டில் மனு இருக்கும். பெண் எங்கே இருக்கிறாள் என்று தெரியாவிட்டால் பேப்பரிலேயே சம்மன் போடுவார்கள். அந்தக் கோர்ட் அறிவிப்பைத் தேடுங்கள். பல சாதிகளில் அதற்கு முன்பும் பின்பும் ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்த்து எழுதிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. அதற்குப் பேப்பரில் தடயம் இருக்காது.

இன்னொன்று. 'விட்டுப் போய்விட்டாள்' என்பது காசு கொடுத்து விளம்பரம் போட்டவரின் பேச்சு. அடித்து விரட்டியிருந்தாலும் அவர் அப்படித்தான் எழுதியிருப்பார். அடுத்த சில வாரங்களில் அந்த அம்மாள் தரப்பிலிருந்து மறுப்பு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஜீவனாம்சம் கேட்டு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனாரா என்று விசாரியுங்கள். 1898ஆம் வருஷ குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆவது பிரிவில் அதற்கு வழி இருந்தது. அதுவரை குடும்ப வரலாற்றில் 'கணவரைப் பிரிந்து வாழ்ந்தார்' என்று மட்டும் எழுதுங்கள்.

அரக்கோணத்திலிருந்து: கொள்ளுப்பாட்டி ரயில்வே ஆங்கிலோ இந்தியக் குடும்பம். மூன்று கல்யாணம் என்கிறார்கள்.

இத்தனை கேள்விகளில் உங்களுடையதுதான் சுலபம். 1872ஆம் வருஷக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி எழுதிய பதிவேட்டில் மணமகள் கன்னியா விதவையா என்று சொல்ல ஒரு கட்டமே உண்டு. அப்பா பெயரும் சாட்சிகள் பெயரும் இருக்கும். மூன்றாவது கல்யாணப் பதிவைப் பிடித்தால் அங்கிருந்து பின்னோக்கி நடக்கலாம். ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியத் திருமணப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் சென்னை மாகாணத்துக்கென்று தனி வரிசையாக இருக்கின்றன. கல்யாண, மரண அறிவிப்புகளுக்கு மெட்ராஸ் மெயில் பாருங்கள், 1868இல் தொடங்கிய பத்திரிகை அது. தேடும்போது விதவையின் பெயர் முந்தைய கணவரின் குடும்பப் பெயரோடு வரும் என்பதை மறக்காதீர்கள். ஆற்காடு மிஷன் சபைகளைச் சேர்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் லண்டனுக்குப் போக வேண்டாம், சபைப் பதிவேட்டைக் கேளுங்கள்.

வாணியம்பாடியிலிருந்து: நானிம்மாவின் இரண்டு நிக்காஹ் பற்றித் தெரிய வேண்டும்.

முதலில் பள்ளிவாசல் அல்லது காஜியின் நிக்காஹ் தஃப்தர், அதாவது கல்யாணப் பதிவேடு. மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் தொகை, சாட்சிகள், பெண் சார்பில் சம்மதம் சொல்லும் 'வக்கீல்' எல்லாம் அதில் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகும் பெண்ணுக்குத் தகப்பன் பெயரே நிற்பதால் இரண்டு பதிவையும் இணைப்பது மற்றவர்களைவிட உங்களுக்கு எளிது. பத்திரிகை என்றால் சென்னையிலிருந்து 1927 முதல் கையெழுத்தில் வந்த முசல்மான் உருது நாளிதழ். உருது படிக்கத் தெரிந்த பெரியவரைக் கூடவே அழைத்துப் போங்கள்.

ஆரணியிலிருந்து ஒரு தம்பி: இணையத்தில் ஸ்கேன் செய்த பழைய இதழ்களில் எவ்வளவு தேடியும் ஒன்றும் வரவில்லை அண்ணா.

தம்பி, 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு 'லை', 'னை', 'றா', 'ணா' எல்லாம் வேறு வடிவத்தில் அச்சானவை. கம்ப்யூட்டர் அவற்றைத் தப்பாகப் படிக்கும். அந்த எழுத்துகள் இல்லாத சொல்லாகத் தேடு. இல்லாவிட்டால் தேதியைக் குறுக்கிக்கொண்டு பக்கம் பக்கமாகக் கண்ணால் பார். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

பெண்ணின் பெயரே மாறியிருக்கலாம் என்பதையும் நினைவில் வை. புகுந்த வீட்டில் மாமியார் பெயரும் அதுவாக இருந்தால் மருமகளை வேறு பெயரிட்டு அழைப்பார்கள். பொது வாழ்க்கைக்கு வந்து பெயர் மாறியவர்களும் உண்டு. வேலூரில் 1920இல் காந்திமதியாகப் பிறந்தவர்தான் மணியம்மையார். காந்திமதி என்று மட்டும் தேடினால் 1949 திருமணச் செய்தி உன் கண்ணில் படாது. அச்சுப் பிரதியாகவே பார்க்க வேண்டுமானால் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கும் போ. எந்த இதழ், எந்த மாதம் என்று எழுதிக்கொண்டு போனால் நாள் வீணாகாது.

காட்பாடியிலிருந்து: பாட்டியின் முதல் கணவர் பெயர் கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு எண்பது வயது. சொல்லலாமா?

முதலில் அம்மாவைக் கேளுங்கள், அப்புறம் சொல்லுங்கள். பாட்டியின் சின்ன வயதைப் பற்றிப் பேச்சை எடுத்தால், அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியுமா என்பது அவர் பதிலிலேயே தெரிந்துவிடும். தெரிந்தவர் என்றால் எந்தப் பேப்பரிலும் இல்லாத விஷயம் வரும், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். பேச விரும்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். அந்த முதல் கணவர் குடும்பத்தார் இன்னும் அதே ஊரில் இருந்தால், அவர்களைக் கேட்காமல் எதையும் பொதுவில் போடாதீர்கள்.

திருப்பத்தூரிலிருந்து: 1900 வாக்கில் நடந்த கல்யாணம். வட ஆற்காடு ஜில்லாச் செய்திகளில் எங்கள் ஊரே காணோமே?

அப்போது உங்கள் தாலுகா சேலம் ஜில்லாவில் இருந்தது. 1911இல்தான் வட ஆற்காட்டோடு சேர்த்தார்கள், வாணியம்பாடியும் கூடவே வந்தது. அதே வருஷம்தான் சித்தூர் தனி ஜில்லாவாகி, தலைநகரம் வேலூருக்கு மாறியது. அதனால் வேலூர்க்காரர்களும் 1911க்கு முந்தைய ஜில்லா கோர்ட் செய்திகளைச் சித்தூர் என்ற தலைப்பில் பார்க்க வேண்டும். நீங்கள் பத்திரிகையிலும் சரி, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் சரி, சேலம் ஜில்லா என்றே கேளுங்கள்.